ஒரு குண்டை அளந்து கெட்டிக்கும் முறை: 1851 சுவிஸ் ஃபெல்ட்ஷ்டுட்சர்

பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது குழல் காலியாக இருக்கிறதா என்பதைத்தான். வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி வெளியிலிருந்து எதையும் காட்டாது. ஈரம் படாத கறுப்பு வெடிமருந்து நூறு வருடம் கழித்தும் தீப்பிடிக்கும். அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் வந்து சேரும் துப்பாக்கிகளில் கெட்டித்தபடியே வருபவையும் உண்டு. அதனால் ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் கிடத்திப் பார்க்க வேண்டும். குச்சியின் நுனி, அடித்தால் பொறி தரும் கேப்பை மாட்டும் காம்புக்கு அருகில் வந்து நின்றால் குழல் காலி. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் ஈயமும் யாருக்காகவோ காத்திருக்கின்றன என்று பொருள். பார்க்கும் நேரம் முழுவதும் முகமும் கையும் குழலின் நேர்க்கோட்டுக்கு வெளியிலேயே இருக்க வேண்டும்.

இனி இந்தத் துப்பாக்கியை, அதற்கு உரிய வீரன் கெட்டித்துச் சுட்ட முறையில், படிப்படியாகப் பார்ப்போம். பெயர் ஃபெல்ட்ஷ்டுட்சர். புதிதாகப் பிறந்த சுவிஸ் கூட்டரசு தன் குறிசுடும் படைக்கென 1851-ல் வகுத்த ஆயுதம். எட்டுப் பட்டையாகச் செதுக்கிய கனத்த குழல், ஒன்றே கால் மீட்டர் நீளம், நாலரை கிலோவுக்குக் குறையாத எடை. தோளில் வைத்ததும் கனம் முன்பக்கம் இழுக்கும். நின்றபடி குறி பார்ப்பவனுக்கு அந்தக் கனமே துணை, குழலை ஆடவிடாது.

அதற்கு முன் இந்த நாட்டின் குறிசுடும் வீரர்கள் எதை வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் ஒவ்வொரு படியின் காரணமும் விளங்கும். குறிசுடுதல் சுவிஸ் மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கம். 1824-ல் ஆராவ் நகரில் முதல் கூட்டாட்சி குறிசுடும் விழா நடந்தது. சுவிஸ் குறிசுடுவோர் சங்கம் பிறந்ததும் அப்போதுதான். ஆனால் அந்த விழாக்களுக்கு வந்தவர்களும் சரி, குறிசுடும் படைக்கு வந்தவர்களும் சரி, தங்கள் ஊர்க் கொல்லன் செய்து கொடுத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் குழலுக்கு வார்த்த குண்டு பக்கத்தில் நிற்பவன் குழலுக்குள் போகாது. மைதானத்தில் அது பெருமை. சண்டையில் ஒருவன் பை காலியானால் இன்னொருவனால் உதவ முடியாது.

1847 நவம்பரில் கத்தோலிக்க மாநிலங்கள் ஏழு சேர்ந்த ஜோன்டர்புண்ட் அணிக்கும் கூட்டமைப்புக்கும் போர் மூண்டது. ஒரே மாதத்தில் முடிந்தது, இறந்தவர் எண்ணிக்கை நூறை ஒட்டியதுதான். கூட்டமைப்புப் படையை நடத்திய ஜெனரல் கியோம் ஆன்ரி டூஃபூர், எதிரியின் காயம்பட்டவர்களையும் தன் வீரர்களைப் போலவே பார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டவர். பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் தலைவரானவரும் அவரே. அவருடைய இன்னொரு வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்து முழுவதையும் ஒரே அளவுகோலில், ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில், 25 தாள்களாக வரைந்து முடித்த வரைபடத்துக்கு அவர் பெயர்தான். போர் முடிந்து 1848-ல் அரசியலமைப்பு வந்தது. 1850-ல் நாணயச் சட்டம் வந்து ஊருக்கொரு காசு என்பது போய் பிராங்க் ஒன்றானது. 1851-ல் எடை, அளவுச் சட்டம். அதே 1851-ல் இந்தத் துப்பாக்கி. இவற்றைத் தனித்தனிச் செய்திகளாக நான் பார்ப்பதில்லை. பல அளவுகளால் பிரிந்துகிடந்த ஒரு நாடு தன்னை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த வேலையின் பகுதிகள் அவை. அந்த வேலை துப்பாக்கிக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது கெட்டிக்கும்போது தெரியும்.

முதல் படி மருந்து. குழல் செங்குத்தாக, வாய் மேலே பார்த்தபடி, கட்டை தரையில் ஊன்றியிருக்கும். கேப்பை அடிக்கும் குதிரை காம்பின் மேல் படுத்திருக்கும். காம்பில் கேப்பு இருக்கக் கூடாது. வீரன் 4 கிராம் கறுப்பு மருந்தைக் குழலுக்குள் கொட்டுவான். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கொட்டிய பிறகு குழலின் பக்கத்தைக் கையால் இரண்டு தட்டு தட்டினால் சுவரில் ஒட்டிய மணிகள் அடிக்கு இறங்கும்.

இந்த 4 கிராம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல எரிய வேண்டுமானால் மருந்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை ஒட்டி வெடியுப்பு, பத்துப் பங்கு கந்தகம், மீதி கரி என்ற கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்த கணக்கை வைத்துக்கொண்டு மோசமான மருந்து செய்வதும் சுலபம். மரம் மாறினால் கரி மாறும். அரைத்த நேரம் மாறினால் வேகம் மாறும். மணியின் பருமன் மாறினால் குண்டு மேலோ கீழோ போகும். 1848 அரசியலமைப்பு வெடிமருந்து செய்வதையும் விற்பதையும் மாநிலங்களிடமிருந்து எடுத்துக் கூட்டரசின் தனியுரிமை ஆக்கியது. லெமான் ஏரிக்கு வடக்கே ஓபோன் ஊரில் 1853-ல் தொடங்கிய மருந்து ஆலை இன்றும் கறுப்பு மருந்து செய்கிறது. பழைய துப்பாக்கிகளைச் சுடும் போட்டிக்காரர்கள் உலகெங்கும் தேடி வாங்குவது அந்த மருந்தைத்தான். மணிக்கு மணி மாறாத தன்மைதான் அதன் பெயருக்குக் காரணம்.

இரண்டாவது படி குண்டு. இந்தத் துப்பாக்கியின் புரட்சி இங்கேதான் இருக்கிறது. அன்றைய ஐரோப்பியக் காலாட்படைத் துப்பாக்கிகளின் குழல் விட்டம் 17, 18 மில்லிமீட்டர். 1853-ல் வந்த பிரிட்டிஷ் என்ஃபீல்ட் கொஞ்சம் இறங்கி 14.7-ஐத் தொட்டது. பிரஷ்யாவின் ஊசித் துப்பாக்கி 15.4. சுவிஸ்காரர்கள் 1851-லேயே 10.5-க்கு இறங்கிவிட்டார்கள். அவர்கள் கணக்கில் அது மூன்றரைக் கோடு. புதிய சட்டப்படி ஓர் அடி 30 சென்டிமீட்டர், அடிக்குப் பத்து அங்குலம், அங்குலத்துக்குப் பத்துக் கோடு. ஆக ஒரு கோடு 3 மில்லிமீட்டர். பழைய பெயர்களை வைத்துக்கொண்டு மீட்டர் முறைக்குள் நுழைந்த அந்த அளவுகோலில் மூன்றரை என்று சுத்தமாக விழுகிற எண் அது.

சிறிய குண்டால் என்ன பயன் என்று அன்றைக்கே பல படைகளின் அதிகாரிகள் கேட்டார்கள். பெரிய குண்டு பெரிய காயம் என்பதே அவர்கள் நம்பிக்கை. பதில் கணக்கில் இருக்கிறது. என்ஃபீல்ட் குண்டு 34 கிராம் என்றால் சுவிஸ் குண்டு அதில் பாதி, சுமார் 17 கிராம். மருந்தின் அளவோ இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. பாதி எடையை அதே மருந்து தள்ளினால் வேகம் ஏறும். என்ஃபீல்ட் குண்டு நொடிக்கு 300 மீட்டரை எட்டாமல் கிளம்ப, ஃபெல்ட்ஷ்டுட்சர் குண்டு 400-ஐத் தாண்டிக் கிளம்பியது. வேகம் கூடினால் குண்டின் பாதை தட்டையாகும். தட்டையான பாதைதான் சிப்பாயின் உயிர்நாடி. மெதுவாகப் போகும் கனமான குண்டு வானத்தில் வளைந்து ஏறி இறங்கும். எதிரி நிற்கும் தூரத்தை ஐம்பது மீட்டர் தவறாகக் கணித்தால் குண்டு அவன் தலைக்கு மேலேயோ காலுக்கு முன்னாலேயோ போய்விடும். தட்டையாகப் போகும் குண்டு அந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளும். பள்ளத்தாக்கின் ஒரு கரையிலிருந்து மறுகரையைப் பார்த்துத் தூரம் சொல்ல வேண்டிய மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு எதுவும் இருந்திருக்க முடியாது. போதாக்குறைக்கு, அறுபது குண்டு சுமப்பவனுக்கு ஈயத்தின் எடையில் மட்டும் ஒரு கிலோ மிச்சம்.

குண்டு கூம்பு முனை கொண்டது, கலப்பில்லாத மிருதுவான ஈயம். அதைக் கொழுப்பு தடவிய துணித்துண்டில் பொதிந்து குழல் வாயில் வைப்பார்கள். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரியை ஈயம் நேரடியாகத் தொடாது. துணிதான் புரியின் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றும். குழலை விட்டு வெளியே வந்ததும் துணி கழன்று விழும், குண்டு சுழன்றபடி போகும். கொழுப்புக்கு இரண்டு வேலை: வாயு பக்கவாட்டில் கசியாமல் அடைப்பது, முந்தைய வெடியின் கரியை இளக்குவது. முந்தைய தலைமுறை வீரர்கள் குழலைவிடப் பருத்த குண்டை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார்கள். புரியில் பிடிப்பு கிடைக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. தட்டத் தட்ட குண்டின் மூக்கு சப்பையாகும், கோணல் குண்டு கோணலாகத்தான் போகும்.

மூன்றாவது படி கெஜக்கோல். எனக்கு இந்தத் துப்பாக்கியிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு இரும்புக் கோல். அதன் மேற்பகுதியில் ஒரு தடுப்பு இருக்கிறது. கோலைக் குழலுக்குள் அழுத்தும்போது அந்தத் தடுப்பு குழலின் வாயில் வந்து முட்டும். அதற்குமேல் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கோல் இறங்காது. குண்டு மருந்தின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கும், மருந்தை நசுக்கியிருக்காது.

இதன் அருமை புரிய மற்ற படைகளின் நிலையைப் பார்க்க வேண்டும். சாதாரணக் கோலால் கெட்டிக்கும் சிப்பாய், பலசாலியானால் மருந்து மணிகளைப் பொடியாக்கிவிடுவான். பயந்தவனானால் குண்டைப் பாதி வழியில் விட்டுவிடுவான். நசுங்கிய மருந்து எரியும் விதம் வேறு, தளர்ந்த மருந்து எரியும் விதம் வேறு. பாதியில் நின்ற குண்டோ இன்னும் ஆபத்து. இடையில் உள்ள வெற்றிடத்தில் அழுத்தம் எகிறிக் குழலே புடைக்கும். ஒரே மனிதன்கூடக் காலையில் ஒரு மாதிரியும், களைத்துப்போன மாலையில் வேறு மாதிரியும் கெட்டிப்பான். சூரிக் நகரப் பொறியாளர் வில்ட் 1840களில் இந்தத் தடுப்புக் கோலை வற்புறுத்தினார். சிப்பாயின் கையிலிருந்த ஏற்றத்தாழ்வை ஒரு சின்ன இரும்பு விளிம்பு எடுத்துப்போட்டது. முதல் வெடிக்கும் பத்தாவது வெடிக்கும், விவசாயிக்கும் கடிகாரத் தொழிலாளிக்கும், குண்டு உட்காரும் ஆழம் ஒன்றே. தடுப்பு வாயில் முட்டவில்லை என்றால் குண்டு இறங்கவில்லை என்பதும் கண்ணுக்கே தெரியும்.

கோலை எடுத்து அதன் இடத்தில் செருகியாகிவிட்டது. இப்போது துப்பாக்கியைக் கிடையாகப் பிடித்து, கட்டைவிரலால் குதிரையைப் பாதி இழுக்க வேண்டும். ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். இந்தப் பாதி நிலையில் விசையை இழுத்தாலும் குதிரை விழாது. காம்பின் மேல் செம்புக் கேப்பை அழுத்தி மாட்டுவது அடுத்த வேலை. தீபாவளிக்குக் குழந்தைகள் சுடும் பொட்டு வெடியைப் போல, உள்ளே ஒரு துளி வெடிப்பொருள், அடித்தால் தீப்பொறி. துளி பாதரச ஃபல்மினேட் கலந்தது. அதை 1800-ல் விவரித்தவர் ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் ஹோவர்ட். அடித்தால் வெடிக்கும் பொருளைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் பொறி பறந்ததும் குளத்துப் பறவைகள் உஷாராகிப் பறந்துவிடுவதைப் பார்த்து அலுத்துப்போனவர். 1807-ல் காப்புரிமை பெற்றார். செம்புக் கேப்பு அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் வந்தது. மழையிலும் சுடலாம் என்ற ஒரு காரணமே படைகளுக்குப் போதும். சுவிஸ் மாநிலங்கள் தங்கள் பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கிகளை 1842 முதல் கேப்பு முறைக்கு மாற்றின.

குதிரையை முழுதாக இழுத்தால் துப்பாக்கி தயார். பின்குறியைத் தூரத்துக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். அதன் அளவு மீட்டரில் இல்லை, எட்டில் இருக்கிறது. ஓர் எட்டு இரண்டரை சுவிஸ் அடி, அதாவது 75 சென்டிமீட்டர். 400 என்ற கோட்டில் வைத்தால் 300 மீட்டர். நடந்து பழகியவன் கால்களால் அளக்கக்கூடிய அலகு அது.

பிறகு விசை. இங்கே இரண்டு விசைகள். ஒன்றை இழுத்தால் உள்ளே ஒரு வில் இறுகிச் சிக்கிக்கொள்ளும், துப்பாக்கி வெடிக்காது. அதற்குப் பிறகு மற்றொன்றை விரல் நுனி பட்டால் போதும், வில் விடுபட்டு உள்ளிருந்து அடித்துக் குதிரையை விழவைக்கும். சாதாரணப் படைத் துப்பாக்கியின் விசையை இழுக்க நல்ல பலம் வேண்டும். இழுக்கும் அந்தப் பலமே குழலைக் கொஞ்சம் அசைத்துவிடும். மைதானக் குறிசுடுவோர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய இந்த ஊசிவிசையைப் படைக்கலத்தில் வைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. பதற்றத்தில் இருப்பவன் கையில் அது ஆபத்தானதுதான். ஆனால் இது எல்லாச் சிப்பாய்க்கும் கொடுத்த துப்பாக்கி இல்லை. சிறுவயதிலிருந்து சுட்டுப் பழகிய குறிசுடும் வீரனுக்கு மட்டும் உரியது. அவனிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்று கூட்டரசு முடிவு செய்தது, அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

விரல் பட்டதும் நடப்பது கண்ணுக்கு எட்டாது. குதிரை விழுகிறது, கேப்பு பொறி கக்குகிறது, காம்பின் துளை வழியே தீ குழலடிக்குப் பாய்கிறது, 4 கிராம் மருந்து வாயுவாகிறது, துணி புரியைப் பிடித்துக் குண்டைத் திருகுகிறது. தோளில் ஒரு தள்ளு. முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை. காற்றில்லாத நாளில் குறியில் பட்டதா என்று பார்க்கவே சற்று நேரம் பொறுக்க வேண்டும்.

சுட்டு முடிந்த அன்றே குழலைக் கழுவியாக வேண்டும். கறுப்பு மருந்து எரிந்தால் அதில் பாதிக்குமேல் வாயுவாகப் போகாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. புகையாகப் பறப்பது ஒரு பங்கு, குழலில் படிவது ஒரு பங்கு. கேப்பு எரிந்து விடும் உப்பு அதைவிட மோசம், காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் இரும்பைத் துருப்பிடிக்கவைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். காம்பைத் திருகிக் கழற்றி, வெந்நீரைக் குழலில் ஊற்றி, துணி சுற்றிய கோலால் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, உலர்த்தி, கடைசியில் எண்ணெய் பூச வேண்டும். சுவிஸ் வீரன் ஆயுதத்தை வீட்டிலேயே வைத்திருப்பவன். சமையலறை அடுப்பு வெந்நீர்தான் அதற்குப் பயன்பட்டிருக்கும்.

இவ்வளவு கவனமாக வகுத்த ஆயுதம் போரில் சுட்டதாகச் சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. 1856-ல் நொய்ஷாட்டெல் உரிமை பற்றிப் பிரஷ்யாவுடன் தகராறு முற்றிப் படைகள் திரண்டன, மறுபடியும் டூஃபூர்தான் தளபதி, பேச்சுவார்த்தையில் முடிந்தது. 10.5 அளவு மட்டும் பரவியது. 1856-ல் இலகுக் காலாட்படைக்கு ஒரு துப்பாக்கி, 1863-ல் காலாட்படை முழுவதற்கும் ஒன்று, 1864-ல் புதிய ஃபெல்ட்ஷ்டுட்சர். 1863-ல் துணி போய்விட்டது; அடியில் குழிவான, வெடியின் அழுத்தத்தில் தானே விரிந்து புரியைப் பிடிக்கும் புஹோல்சர் குண்டு வந்தது.

1866 ஜூலை 3 அன்று கோனிக்ரேட்ஸ் களத்தில் பிரஷ்யர்கள் ஆஸ்திரியர்களை முறியடித்தபோது எல்லா நாட்டுப் போர்த்துறைகளும் ஒரே பாடத்தைப் படித்தன. பின்வழியாகக் கெட்டிக்கும் ஊசித் துப்பாக்கிக்காரன் படுத்தபடியே பல மடங்கு வேகமாகச் சுடுகிறான். வாய்வழிக்காரன் ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து நிற்க வேண்டும். புதியதை வாங்கக் காலமில்லை, இருப்பதை மாற்று என்றானது. மாற்றும் முறையைத் தந்தவர் ஷாஃப்ஹவுசன் நகரின் யாகோப் அம்ஸ்லர். இவர் கணிதப் பேராசிரியர். வரைபடத்தில் ஒரு நிலத்தின் எல்லைக்கோட்டை முள்ளால் சுற்றி வந்தால் அதன் பரப்பளவைச் சொல்லும் துருவத் தளமானியை 1854-ல் கண்டுபிடித்தவர். உலகெங்கும் நில அளவைக்காரர்கள் கையாண்ட கருவி அது. அமெரிக்கர் ஐசக் மில்பேங்கின் பூட்டை எடுத்துக்கொண்டு அம்ஸ்லர் அதைச் சுவிஸ் குழல்களுக்குப் பொருத்தமாகத் திருத்தினார்.

மாற்றும் வேலையும் படிப்படியாகவே போகும். குழலின் அடிப்பகுதியில் மேற்புறத்தை வெட்டித் திறப்பார்கள். தோட்டா உட்காரும் அறையைக் கடைந்தெடுப்பார்கள். திறந்த இடத்தில் முன்பக்கம் கீல் வைத்த இரும்புக் கட்டி ஒன்று பொருந்தும். அதைத் தூக்கி முன்னால் சாய்த்தால் வழி திறக்கும், காலித் தோட்டா பின்னுக்கு இழுபடும். மூடினால் ஓர் ஆப்பு பின்னாலிருந்து பூட்டும். காம்பு போய்விடும், குதிரையின் மூக்கைத் திருத்தி ஊசி ஒன்றை அடிக்க வைப்பார்கள். மருந்து, குண்டு, கேப்பு எல்லாம் ஒரே செம்புத் தோட்டாவுக்குள் அடங்கிவிடும். தடுப்புக் கோல் செய்துவந்த வேலையை இனித் தோட்டா செய்யும் ஆலை பார்த்துக்கொள்ளும். இடைக்கால ஏற்பாடாக 1867-ல் அமெரிக்காவிலிருந்து 15,000 பீபாடி துப்பாக்கிகளும் வாங்கினார்கள். அவை போனது குறிசுடும் வீரர்களிடம்.

1871 பிப்ரவரியில், பிரஷ்யாவுடனான போரில் தோற்றுப்போன பிரெஞ்சுப் படையினர் 87,000 பேர் பனியில் லெ வெரியேர் உள்ளிட்ட இடங்களில் சுவிஸ் எல்லையைக் கடந்து அடைக்கலம் புகுந்தார்கள். ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிய சுவிஸ் வீரர்கள் பலர் கையில் இருந்தவை அம்ஸ்லர் முறையில் மாற்றிய துப்பாக்கிகள்தான்.

மாற்றத்துக்குத் தப்பி, காம்பும் தடுப்புக் கோலும் இரட்டை விசையும் சேர்ந்தே மிஞ்சிய 1851 ஃபெல்ட்ஷ்டுட்சர் இன்று அரிது. விற்பனைக்கு வருவதைப் பார்ப்பவர்கள் முதலில் குழலின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும்: கீலின் தடமோ பிறகு ஒட்டி நிரப்பிய இரும்போ இருந்தால், அது மாற்றி மீண்டும் பழையதாக்கியது. கோல் குழலின் நீளத்துக்குப் பொருந்துகிறதா, தடுப்பு வாயில் சரியாக முட்டுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். துப்பாக்கியைவிடக் கோல் எளிதில் தொலையும். கூட்டரசின் சிலுவையோ மாநில முத்திரையோ இரும்பில் பதிந்திருக்கலாம், அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடக் கூடாது. துருவை எண்ணெயில் ஊறவைத்து மெதுவாக எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஃபிரீட்ரிஷ் வெட்டர்லியின் பல தோட்டாத் துப்பாக்கி 1869-ல் ஏற்கப்பட்டது. அதன் குழாய்க்கூட்டில் அடுக்கிய தோட்டாக்கள் 10.4 மில்லிமீட்டர். 1889-ல் ஷ்மிட்-ரூபின் துப்பாக்கி 7.5 மில்லிமீட்டர் குண்டுடன் வரும்வரை, 38 ஆண்டுகள், சுவிஸ் படை 1851-ல் தேர்ந்த அந்தச் சிறிய விட்டத்தை விட்டு அதிகம் நகரவில்லை.